மிச்சத்தின் அளவு

அரசு மருத்துவமனைகளிலும் அங்கன்வாடிகளிலும் சுவரில் மாட்டியிருக்கும் சரிவிகித உணவுத் தட்டின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வட்டமான தட்டு, கோடு போட்டுப் பிரித்த பங்குகள், ஓரத்தில் ஒரு டம்ளர் பால். நம் நாட்டில் இத்தகைய படங்களுக்கு ஆதார நூல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி. 2011ஆம் ஆண்டுப் பதிப்பையும், 2024 மே மாதம் வெளியான திருத்திய பதிப்பையும் அருகருகே வைத்து வாசித்தேன். புதிய பதிப்பின் ‘ஒரு நாளைக்கான என் தட்டு’ 2,000 கிலோகலோரிக்கானது: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. மொத்தம் ஏறக்குறைய 1,200 கிராம்.

இந்தக் கணக்கின் அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. தானியத்தைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டச் சொல்வது நல்ல யோசனை. நான் கேட்பது வேறு. இந்தப் படத்தில் தட்டு இருக்கிறது. சட்டி இல்லை, கரண்டி இல்லை, கரண்டியைப் பிடித்த கையும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது போல இந்தத் தட்டு வரையப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் யார்?

முதலில் ஒரு சின்ன விஷயம். வழிகாட்டி சொல்லும் எடையெல்லாம் சமைக்காத பொருளின் எடை. வெந்த சோற்றைப் பார்த்து அது எத்தனை கிராம் அரிசி என்று சொல்லச் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. உலையில் எத்தனை டம்ளர் போட்டோம் என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். ஆக, உணவின் அளவைக் கணிக்கும் வேலையை நம் வீடுகளில் பெண்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர், விருந்தாளி வந்தால் கூட ஒன்று, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைக்கக் கொஞ்சம் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு தினமும் ஓடுகிறது. அளவு தெரியாதவளுக்கு அளவைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சுவரொட்டி பேசுகிறது. அவளுக்கு எல்லோருடைய அளவும் தெரியும். அவளுடைய அளவு மட்டும்தான் கணக்கில் இல்லை.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இதைக் களி உருண்டையில் பார்க்கலாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் ராகிக் களி இன்னும் வேலை நாள் சாப்பாடு. நொய் வெந்ததும் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்டுவார்கள். உருண்டைதான் எங்கள் ஊரின் பரிமாறும் அளவு. 2011 வழிகாட்டியில் தானியத்தின் ஒரு பங்கு 30 கிராம். 120 கிராம் மாவில் பிடித்த உருண்டை என்றால் அந்தக் கணக்கில் நாலு பங்கு. ஆனால் வீட்டு உருண்டைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டு வரும் மகனுக்கு ஒரு அளவு, மாமனாருக்கு ஒரு அளவு, பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு ஒன்று, அவன் அக்காவுக்கு அதில் கொஞ்சம் குறைத்து ஒன்று. உருட்டுகிறவளின் கைதான் தராசு. கடைசியில் சட்டியைச் சுரண்டி, காந்தலும் சேர்த்து அவள் பிடித்துக்கொள்வது எத்தனை பங்கு என்று அவளுக்கே தெரியாது. அது அளந்து வைத்த உருண்டை அல்ல, மிஞ்சிய உருண்டை.

உணவுக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு?’ என்று கேட்டுக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கணவன் எவ்வளவு சாப்பிட்டான் என்று பெண்கள் சரியாகக் காட்டிவிடுவார்கள். தன்னுடையதைக் கேட்டால், “என்னத்தச் சொல்றது, இருக்கறதச் சாப்பிடறதுதான்” என்பார்கள். அது அறியாமையால் வரும் பதில் இல்லை. உண்மையான, துல்லியமான பதில். மிச்சத்துக்கு அளவு கிடையாது. மற்றவர்களின் பசியைக் கழித்த பிறகு என்ன நிற்கிறதோ அதுதான் அது.

பெண்ணுக்குக் குறைவாக உண்பதே அழகு என்று கொன்றை வேந்தனில் ஓர் அடி உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் மனப்பாடம் செய்த அடி. நீதி நூல் சொன்னதை அறிவியல் எந்த மொழியில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்திய ஊட்டச்சத்துக் கணக்கில் ‘நுகர்வு அலகு’ என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் ஒன்று. மிதமாக உழைக்கும் ஆண் 1.2, கடுமையாக உழைக்கும் ஆண் 1.6. உட்கார்ந்து வேலை செய்யும் பெண் 0.8, மிதமாக உழைப்பவள் 0.9, கடுமையாக உழைப்பவள் 1.2. சராசரிப் பெண்ணின் உடல் சிறியது, அதற்குத் தேவையான ஆற்றல் குறைவு என்பது இதன் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் சமைத்ததை எடைபோட்டு, அந்த வீட்டின் மொத்த நுகர்வு அலகால் வகுத்து, ‘அலகுக்கு இவ்வளவு உண்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும்போது, பெண்ணுக்கு அவளுடைய 0.8 கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறோம். தேவைக்கான எண், கிடைத்ததற்கான எண்ணாக மாறிவிடுகிறது. அவள் தட்டுக்கு வந்தது 0.5 ஆக இருந்தாலும் வீட்டுச் சராசரியில் அது தெரியாது.

யார் உட்கார்ந்து வேலை செய்கிறவர், யார் மிதமாக உழைக்கிறவர் என்று சொல்லும் தொழில் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் பரிந்துரைகளோடு சேர்ந்து நம் ஊட்டச்சத்துப் பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக அச்சாகிவருவது அது. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களாக அதில் ஆசிரியை, தையல்காரர், அலுவலகத்தினர், செவிலியர் ஆகியோரோடு ‘இல்லத்தரசி’யும் இருக்கிறார். மிதமான உழைப்பு என்ற பத்தியில் விவசாயக் கூலி, கூடை முடைபவர், பீடி சுற்றுபவர் ஆகியோரோடு ‘வீட்டு வேலைக்காரி’ இருக்கிறார்.

இதை நிறுத்தி வாசிக்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைத்தால் அது மிதமான உழைப்பு. அதே பெண் தன் வீட்டுக்கு வந்து அதே வேலையைச் செய்தால் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. ஐ.சி.எம்.ஆரின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,900 கிலோகலோரி, மிதமாக உழைப்பவளுக்கு 2,230. 2020இல் அவை 1,660, 2,130 என்று திருத்தப்பட்டன. வித்தியாசம் 330இலிருந்து 470 ஆகிவிட்டது. கூலி வந்தால் அவள் தசைகளுக்குச் சோறு வேண்டும், கூலி வராவிட்டால் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். வேடிக்கை என்னவென்றால், இதே ஐ.சி.எம்.ஆர். 2010இல் வரையறுத்த 55 கிலோ எடையுள்ள ‘மாதிரிப் பெண்’ எட்டு மணி நேரம் பொதுவான வீட்டு வேலையிலோ, இலகுவான தொழிற்சாலை வேலையிலோ, அது போன்ற மிதமான உழைப்பிலோ ஈடுபடுகிறவள். வரையறையில் உழைப்பாக இருக்கும் வீட்டு வேலை, பட்டியலுக்கு வரும்போது ஓய்வாகிவிடுகிறது.

வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதும் தெரியாத விஷயமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த ஆண்கள் 97 நிமிடம். தண்ணீர்க் குடம் சுமப்பதும் ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும் விறகு பொறுக்குவதும் வழக்கமாக உள்ள எங்கள் மேட்டு நிலக் கிராமங்களில் ‘உட்கார்ந்து’ என்ற சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். வீட்டுப் பெண்ணின் உழைப்பை அங்கீகரிக்கும் தொகை, உதவித்தொகை அல்ல உரிமைத்தொகை என்று அரசு விளக்கியது. நிதித்துறை உழைப்பு என்று ஒப்புக்கொண்டதை ஊட்டச்சத்துப் பாடநூலும் ஒப்புக்கொள்ளலாமே.

பெண்ணின் பங்கைச் சற்றுக் குறைத்து அளக்கும் வழக்கத்துக்கு இந்த மண்ணில் பழைய பதிவும் உண்டு. 1876-78 பஞ்சத்தின்போது தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது; பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு விதித்த கூலி, ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. மண் சுமக்கும் வேலை ஒன்றுதான். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இந்த அளவில் உடம்பு தாங்காது என்று வாதாடி, ஒன்றரைப் பவுண்டு தானியமும் கூடவே பருப்பும் காய்கறியும் கேட்டார். மார்ச் மாதம் ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் சேர்த்தார்கள். இந்தியாவில் பரிமாறும் அளவு பற்றிய முதல் பெரிய அரசு விவாதங்களில் ஒன்று இது. எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் உயிர் போகாமல் வேலை வாங்கலாம் என்பதே அதில் கேள்வி. பின்னால் 1918இல் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதன் நோக்கம் டெம்பிளின் நோக்கத்துக்கு நேர் எதிரானது. ஆனாலும் ஆணை ஒன்று என்று வைத்துப் பெண்ணை அதன் பின்னமாக எழுதும் பழக்கம் அதனிடமும் தங்கிவிட்டது.

பின்னமாக எழுதுவதில் என்ன கெடுதல்? இரும்புச்சத்துக் கணக்கைப் பாருங்கள். 2020 பரிந்துரைப்படி நாளுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110 கிலோகலோரி, பெண்ணுக்கு 1,660. அதாவது ஆணின் உணவில் ஐந்தில் நாலு பங்கை உண்டு, அவனைவிட ஒன்றரை மடங்கு இரும்பை அவள் பெற வேண்டும். கலோரிக்குக் கலோரி பார்த்தால் அவள் தட்டில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு செறிவான உணவாக இருக்க வேண்டும். முட்டை, கறி, கீரை, கொள்ளு, மொச்சை எல்லாம் அவள் பக்கம் அதிகமாக வர வேண்டும். 2011 வழிகாட்டியோ உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்குத் தானியம் 375 கிராம், பருப்பு 75 கிராம் என்றும், பெண்ணுக்குத் தானியம் 270, பருப்பு 60 என்றும் பிரிக்கிறது. கீரை இருவருக்கும் அதே 100 கிராம். 2024இன் தட்டு ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் ஒரே 2,000 கிலோகலோரியில் நின்றுகொள்கிறது.

வீட்டில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் களியோ சோறோ எப்படியாவது இருக்கும். தீர்ந்துபோவது குழம்பில் கிடந்த காயும் கறியும்தான். முட்டை நாலு இருந்து ஆட்கள் ஐந்து பேர் என்றால், முட்டை பிடிக்காதவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பல அம்மாக்களுக்கு ஈரல் பிடிக்காது, பால் ஒத்துக்கொள்ளாது, பழம் சளி பிடிக்கும். தியாகம் என்று சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லாமல் அது ருசியாக மாறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15-49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. மாதவிடாயும் பேறுகாலமும் குடற்புழுவும் இதில் காரணங்கள்தான். ஆனால் மாதவிடாயால் இழப்பதை ஈடுகட்ட வேண்டிய தட்டு எது என்று கேட்டால், நாம் சட்டியின் அடிக்குத்தான் வந்து சேர்கிறோம்.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங் குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்தபோது, எடை குறைந்த பிறப்பு, குறைமாதப் பிறப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எடை குறைந்த குழந்தை, எடை குறைந்த தாய் என்று பேச்சு நீண்டது. தாயின் எடை ஏன் குறைந்தது என்ற இடத்தில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பெண் குழந்தைகள் பிழைப்பதே கேள்வியாக இருந்து, 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நீட்டிக்கப்பட்ட மாவட்டம் இது. பிழைத்துவிட்ட பெண்ணின் தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பது அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

மறுபக்கமும் உண்டு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். இவர்களிடம்தான் பரிமாறும் அளவு இன்று அதிகம் பேசப்படுகிறது. சோறு ஒரு கைப்பிடி முட்டி அளவு, மீன் உள்ளங்கை அளவு, எண்ணெய் கட்டைவிரல் நுனி அளவு என்று கையையே தராசாக்கச் சொல்கிறார்கள். எளிய, செலவில்லாத வழி. ஆனால் மிச்சம் சாப்பிடுகிறவளுக்கு இது உதவாது. பிள்ளை பாதியில் வைத்த இட்லி, கணவன் வேண்டாம் என்ற கடைசிக் கரண்டிச் சோறு, நாளைக்குக் கெட்டுவிடும் குழம்பு எல்லாம் அவள் வயிற்றுக்குள்தான் போகின்றன. உணவை வீணாக்கக் கூடாது என்ற வீட்டு அறத்தைக் காப்பாற்றும் வேலையும் அவளுடையது. ஒரு நாள் மிச்சம் போதாது, மறுநாள் மிச்சம் அதிகம். இளைப்பதும் பருப்பதும் எதிரெதிர்ப் பிரச்சினைகளாகத் தெரிகின்றன. பாதி இடங்களில் இரண்டுக்கும் ஒரே வேர்தான்: தனக்கென்று பங்கு இல்லாமை.

சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிகாட்டியின் 85 கிராமை முழுக்கப் பருப்பாலேயே நிரப்பினால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் பத்து கிலோவுக்கு மேல் வேண்டும். நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் கடைக்கு வந்தது நல்ல செய்தி. ஆனால் நாலு பேருக்குப் பிரித்தால் நாளுக்கு ஆளுக்கு 17 கிராம். வழிகாட்டியின் ஒரு பங்கில் பாதிக்குச் சற்று மேல். சட்டி சிறியதாக இருக்கும்போது, கடைசியில் உண்கிறவர் யாரோ அவரிடமிருந்துதான் பற்றாக்குறை கழிக்கப்படும்.

அப்படியானால் அளவே வேண்டாமா? வேண்டும். அளவு பெண்களுக்கு நன்மை செய்த இடம் ஒன்றை நான் அறிவேன்: பள்ளிச் சத்துணவுக் கூடம். தமிழ்நாட்டில் 1982இல் விரிவாக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் கரண்டிக்குப் பாலினம் இல்லை. மதிய உணவுக்கான தேசிய விதியில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், நடுநிலை வகுப்புக்கு 150 கிராம். பையனுக்கு எவ்வளவோ அவ்வளவே பெண்ணுக்கும். முட்டை அவளுக்கும் முழு முட்டை. வீட்டில் தம்பிக்குப் போகும் முட்டையை அவள் அங்கே தன் தட்டில் பார்க்கிறாள். அந்த அளவு அவளைக் கட்டுப்படுத்தும் அளவு இல்லை, குறைந்தால் கேட்கக்கூடிய அளவு. அளவுக்கு அர்த்தம் வருவது அங்கேதான்: அதைச் சொல்லிக் கேட்க ஒருவரும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரும் இருக்கும்போது.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சட்டம் இத்தகைய அளவை வகுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நாளுக்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். நம் அங்கன்வாடியில் அது சத்துமாவாக வீட்டுக்குப் போகிறது. வாசல் தாண்டியதும் அது வீட்டுச் சட்டியின் விதிக்கு உட்பட்டுவிடுகிறது. கஞ்சியாகி எல்லோருக்கும் ஊற்றப்படுகிறது. ஒகேனக்கலில் காவிரியின் அக்கரையில் உள்ள கர்நாடகம், 2017இல் ‘மாத்ருபூர்ணா’ திட்டத்தில் தாய்மார்களை அங்கன்வாடிக்கே வரவழைத்துச் சூடான மதிய உணவு போடத் தொடங்கியது. நிறைமாதத்தில் தினமும் நடந்து வருவது சிரமம், கூலி நாள் கெடும் என்ற குறைகள் அதில் உண்டு. ஆனால் அவள் உட்கார, வேறொருவர் அவளுக்குப் பரிமாறுகிறார் என்ற ஒன்று அதில் நடக்கிறது. பல பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு அது அரிதான அனுபவம்.

அடுத்த பதிப்பு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று திருத்தங்கள். தொழில் பட்டியலில் ‘இல்லத்தரசி’யை உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் பத்தியிலிருந்து எடுங்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் ‘எவ்வளவு சமைத்தீர்கள்’ என்பதோடு ‘எந்த வரிசையில் சாப்பிட்டீர்கள், கடைசியில் குழம்பில் என்ன இருந்தது’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டின் படத்துக்கு முன்பக்கத்தில் ஒரு சட்டியை வரையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு எத்தனை டம்ளர் தானியம், எவ்வளவு பருப்பு, எத்தனை முட்டை என்று போட்டு, சமைத்தவளின் பங்கை மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே தனியாக எடுத்து மூடி வைக்க வேண்டும் என்று அச்சிடுங்கள். அந்த வரியை அவளுக்கு அறிவுரையாக எழுத வேண்டாம். அவளைத் தவிர வீட்டில் உள்ள எல்லோரையும் பார்த்து எழுதுங்கள். முடிந்தால், கரண்டியைப் பிடித்திருக்கும் கை ஓர் ஆணின் கையாக இருக்கட்டும்.